திருப்பிச் சொன்னவள்

யாராவது அவளிடம் தகாத மாதிரி எதையாவது சொன்னால் அவள் கோபப்பட மாட்டாள். அழ மாட்டாள். "என்ன சொன்னீங்க?" என்றுகூடக் கேட்க மாட்டாள். சொன்னதை அப்படியே, சொன்னவர் குரலிலேயே, சொன்னவர் மூச்சு வாங்கிய இடத்தில் தானும் மூச்சு வாங்கி, அவரிடமே திருப்பிச் சொல்வாள். அதற்குப் பிறகு டேப் ரோலை எடுத்துக்கொண்டு வேலையைப் பார்ப்பாள்.

ஓசூருக்கு வந்த முதல் வாரத்திலேயே நான் அதைப் பார்த்தேன். வண்டிகளுக்குள் ஓடுகிற ஒயர்களை நீளமான பலகையில் பரப்பி, கட்டாகச் சேர்த்து, டேப் சுற்றிக் கொடுக்கிற கம்பெனி எங்களுடையது. லைனில் நிற்பவர்கள் எல்லோரும் பெண்கள், மேற்பார்ப்பவர்கள் எல்லோரும் ஆண்கள். அன்றைக்குக் கேன்டீனில் முட்டை போட்டிருந்தார்கள். இவள் இன்னொன்று கேட்டாள். பரிமாறுகிற ஆள் கரண்டியை நிறுத்திக்கொண்டு அவளை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"உனக்கு எதுக்கு இன்னொரு முட்டை? உடம்பு ஏற்கெனவே நல்லாத்தான இருக்குது" என்றார்.

அவளும் அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். "உனக்கு எதுக்கு இன்னொரு முட்டை? உடம்பு ஏற்கெனவே நல்லாத்தான இருக்குது" என்றாள். அதே கரகரப்பு, அதே இழுப்பு. அந்த ஆளுக்கு முகம் தொங்கிவிட்டது. தன் வாயிலிருந்து வந்தது என்ன என்று அப்போதுதான் அவருக்குக் கேட்டிருக்கும். முட்டையைத் தட்டில் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

எனக்குப் புல்லரித்தது. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்தவள் நான். பேச்சுக்குப் பேச்சு சண்டை போட்டுத்தான் பழக்கம். ஒரு சொல்கூடக் கூட்டாமல் ஒருவரை வாயடைக்க வைக்கலாம் என்பது எனக்குப் புதிது.

பாகலூர் ரோட்டில் ஒரு மாடி வீட்டில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து இருந்தோம். அவள் கெலமங்கலத்துக்குப் பக்கத்து ஊர்க்காரி. வீட்டில் தெலுங்கு, பள்ளிக்கூடத்தில் தமிழ், சந்தையில் கன்னடம். மூன்றிலும் திருப்பிச் சொல்வாள். ஆள் குள்ளம். ஓசூர்க் குளிருக்கு இரண்டு ஸ்வெட்டர் போட்டு, காதை மூடிக் குல்லா மாட்டிக்கொண்டு நடப்பாள். கையில் எப்போதும் ஒரு பிளாஸ்க். சுடுதண்ணீர். ஐஸ்கிரீம் தொட மாட்டாள், தயிர் தொட மாட்டாள். "தொண்டை ஒண்ணுதான்டி எங்கிட்ட இருக்கற மெசினு" என்பாள்.

இந்த ஊருக்கு வந்த புதிதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு சொல். கண்ணு. எங்கள் ஊரில் என் அம்மாவே நல்ல மனநிலையில் இருந்தால்தான் என்னை அப்படிக் கூப்பிடுவாள். இங்கே காய்க்காரம்மா கண்ணு என்கிறார். பஸ் கண்டக்டர் கண்ணு என்கிறார். வீட்டுக்காரம்மா தண்ணீர் மோட்டாரைப் போடாதே என்று திட்டும்போதுகூடக் கண்ணு என்றுதான் திட்டுகிறார். எவ்வளவு பாசக்கார ஜனம் என்று உருகிப்போய் அவளிடம் சொன்னேன்.

"கண்ணுல ரெண்டு இருக்குதுடி" என்றாள். "காய்க்காரம்மா கூப்பிடறது ஒண்ணு. நம்ம ஷிப்ட் இன்சார்ஜ் கூப்பிடறது ஒண்ணு. காதுல ஒரே மாதிரிதான் உளுவும். முதுகுலதான் வித்தியாசம் தெரியும்."

அடுத்த வாரமே எனக்குத் தெரிந்தது. இன்சார்ஜை மரியாதைக்கு அவர் என்றுதான் எழுதுகிறேன், கை பழகிவிட்டது. நெற்றியில் விபூதி, வாயில் பாக்கு, சட்டைப் பையில் யார் குழந்தையைப் பார்த்தாலும் கொடுப்பதற்கு மிட்டாய். தங்கமான மனுசன் என்று லைனுக்கு வெளியே பெயர். லைனுக்குள் நமக்குப் பின்னால் வந்து நிற்பார். பலகையில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, இன்னொரு கையால் நம் மணிக்கட்டைப் பிடிப்பார். "கிட்ட வா கண்ணு. கையக் காட்டு கண்ணு. இப்படிச் சுத்து கண்ணு." பாக்கு வாசனை கழுத்தில் படும். அதற்கு மேல் ஒன்றும் செய்ய மாட்டார். செய்தால் ஒரு பெயர் சொல்லிப் புகார் கொடுக்கலாம். செய்யாததற்கு என்ன பெயர் சொல்வது?

இருந்தும் நாங்கள் நால்வரும் புகார் சொல்லப் போனோம். ஹெச்.ஆர். ஆக இருந்தவர் ஒரு பெண். நன்றாகப் படித்தவர், தினமும் பெங்களூரிலிருந்து காரில் வந்து போகிறவர். பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு எங்களுக்குப் பாடம் எடுத்தார்.

"அவரு தருமபுரிப் பக்கம்மா. அங்கெல்லாம் எல்லாரையும் கண்ணுன்னுதான் கூப்பிடுவாங்க. வீட்ல பொண்டாட்டி, புள்ளையக்கூட அப்படித்தான் கூப்பிடுவாரு. இவங்க தெற்கத்திக்காரங்க, இவங்களுக்குத் தெரியாது. நீ இந்த ஏரியாதான, உனக்குமா தெரியல? இது கலாச்சார வித்தியாசம்."

இவள் திருப்பிச் சொன்னாள். "இது கலாச்சார வித்தியாசம்." 'கலாச்சார' என்பதில் 'ச்சா' வரும்போது வழுக்கிய நாக்கு முதற்கொண்டு அப்படியே வந்தது. ஹெச்.ஆர். அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "நல்லா மிமிக்ரி பண்றியே, ஆண்டு விழாவுல ஏதாச்சும் பண்ணு" என்றார். நாங்கள் வெளியே வந்தோம். அந்த அறையின் ஏசிக் குளிர் மட்டும்தான் எங்களுக்கு மிச்சம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் ராப் பாடுகிற பையன்கள் கூட்டம் ஒன்றோடு சேர்ந்து பாடிக்கொண்டிருந்தாள். எல்லோரும் சிப்காட் கம்பெனிகளில் வேலை பார்க்கிறவர்கள். சமூகநீதி, புரட்சி, எரிமலை என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு பாடுவார்கள். இவளுக்கு ஒரு பாட்டுக்கு நான்கு வரி கொடுத்தார்கள். பிறகு அது இரண்டு வரி ஆயிற்று. கடைசியில் அந்தக் கூட்டத்துத் தலைவன், "நீ வரி பாட வேண்டாக்கா, நடுவுல சிரி, அது போதும்" என்றான். "நடுவுல சிரி, அது போதும்" என்று அவனுக்கே சொல்லிவிட்டு வந்தவள், தனியாக ஒரு ஆல்பம் போடப்போவதாக எங்களிடம் அறிவித்தாள்.

ஆல்பத்துக்கு அவள் வைத்த பெயர் 'திருப்பிச் சொல்றேன்'. அவள் சொந்தமாக எழுதிய சொல் ஒன்றுகூட அதில் கிடையாது. அதுதான் அவள் வைத்துக்கொண்ட விதி. அவளிடம் பிறர் சொன்னவை மட்டுமே. வீட்டுக்காரம்மா ஒரு பாட்டு. பெண் பார்க்க வந்துவிட்டு, நிறம் கம்மி என்று பஜ்ஜி தின்றுகொண்டே சொன்னவர்கள் ஒரு பாட்டு. ஹெச்.ஆர். ஒரு பாட்டு. அந்த 'நடுவுல சிரி' ஒரு பாட்டு. தாளத்துக்கு வாயாலேயே டேப் கிழிகிற சத்தத்தையும், ஒயர் முனையை நசுக்குகிற மெஷின் சத்தத்தையும் போட்டாள். எல்லாவற்றுக்கும் கடைசியில் 'கண்ணு'.

ஜூஜுவாடியில் லாரி டயர் கடைக்கு மேலே ஒரு அறையில் ரெக்கார்டிங் நடந்தது. ஆட்டோவில் கட்டி ஊரெல்லாம் சுற்றுகிற கடை விளம்பரங்களைப் பதிந்து கொடுக்கிற கன்னடக்காரர் ஒருவரின் அறை. பார்டரில் நிற்கிற லாரிகளின் ஹாரன் சுவரைத் துளைத்துக்கொண்டு வரும். ஒவ்வொரு தடவையும் அவர் கையை உயர்த்தி "இன்னொந்து சல" என்பார், இன்னொரு தரம் பாடு என்று. "இருக்கட்டும் சார், அவங்க பேசும்போதும் ஹாரன் அடிச்சிக்கிட்டுத்தான் இருந்துது" என்று அவள் மறுத்துவிட்டாள்.

பாட்டு இணையத்தில் ஏறிய ஞாயிறன்று மதியம், வீட்டுத் தரையில் உட்கார்ந்து ஆளுக்கொரு இயர்போனை மாட்டிக்கொண்டு கேட்டோம். "கிட்ட வா கண்ணு" என்று அந்தக் குரல் தொடங்கியதும் என் கழுத்தில் மூச்சு பட்டது. சத்தியமாகப் பட்டது. பாட்டு முடிந்ததும் எழுந்து போய்க் கழுத்தைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். அவள் வாசலில் வந்து நின்று பார்த்தாள். "அப்ப சரியாத்தான் வந்திருக்குது" என்றாள். அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

பிறகு ஜனங்கள் கேட்டார்கள்.

முதலில் வந்தவை வழக்கமான குப்பை. மூஞ்சியைக் காட்டு, பொண்ணுங்க மெலடி பாடினால்தான் அழகு, இது என்ன தமிழா தெலுங்கா. அதையெல்லாம் அவள் கமென்ட் போட்டவனின் குரல் எப்படி இருக்கும் என்று ஊகித்து எங்களுக்குப் படித்துக் காட்டுவாள். நாங்கள் உருண்டு சிரிப்போம். சென்னையிலிருந்து ஒரு விமர்சகத் தம்பி அரைமணி நேரம் பேசினான். மண் வாசனை என்றான், உழைக்கும் வர்க்கம் என்றான். கடைசியில், 'கண்ணு' என்ற பாட்டு ஒரு கிராமத்துக் கணவனின் வெள்ளந்தியான காதல் என்று முடித்தான். படித்தவனுக்கே இப்படி என்றால் மற்றவர்களை என்ன சொல்வது.

வீட்டுக்காரம்மா தன் பாட்டைக் கேட்டார். ஆண் சிநேகிதம் உண்டா, ஏன் லேட்டு, யார் வண்டியில் வந்து இறங்கினாய் என்று அவர் எங்களைக் குடைந்தெடுத்த அத்தனையும் அதில் இருந்தது. கதவைத் தட்டினார். வீட்டைக் காலி பண்ணச் சொல்லப்போகிறார் என்று நாங்கள் நடுங்கினோம். கிண்ணத்தில் கேசரியோடு நின்றிருந்தார். "என்னை வெச்சுப் பாட்டே போட்டுட்டியே கண்ணு, எங்க அண்ணி ஊட்டுக்கெல்லாம் அனுப்பிட்டேன்" என்றார்.

'கண்ணு' ஊரெல்லாம் பரவியது. இந்தச் சீமையில் அந்தச் சொல்லுக்குப் பாசம் என்று ஒரே அர்த்தம்தான் என்று இவர்கள் முடிவு கட்டி வைத்திருக்கிறார்கள். எந்தக் குரலில் வந்தாலும் பாசம்தான். கிருஷ்ணகிரியில் ஒரு குழந்தையின் முதல் பிறந்த நாளுக்கு மண்டபத்தில் அதைப் போட்டார்கள். தொட்டிலில் கிடந்த பிள்ளையைச் சுற்றி நின்று, "கிட்ட வா கண்ணு, கையக் காட்டு கண்ணு" என்று கைதட்டுகிறார்கள். அந்த வீடியோவை நான் பாதியிலேயே நிறுத்திவிட்டேன். குந்தாரப்பள்ளிச் சந்தையில் மாட்டுத் தரகர் ஒருவர், கன்றுக்குட்டிகளைக் காட்டி விலை பேசுகிற தன் வீடியோக்களுக்கு இதையே பின்னணிப் பாட்டாக வைத்துவிட்டார். இங்கே பேச்சில் கன்றுக்குட்டியும் கண்ணுதானே. அதற்கு மட்டும் அவள் சிரித்தாள். "இவரு ஒருத்தருதான் சரியாப் புரிஞ்சிகிட்டாரு" என்றாள்.

இன்சார்ஜ் கேட்கும் நாளுக்காக லைனே காத்திருந்தது. கேட்டார். நேராக அவள் பலகைக்கு வந்தார். கேன்டீன்காரருக்குத் தொங்கிய முகம் இவருக்குத் தொங்கவில்லை. "நம்மள வெச்சுப் பாட்டா கண்ணு? ஒரு வார்த்தை சொல்லவேயில்ல" என்றார். வெட்கம் வேறு. அன்று மாலையே அது அவர் போனில் ரிங்டோன். அவர் வருகிறார் என்று முன்பு பாக்கு வாசனையில் தெரிந்துகொள்வோம். இப்போது அவள் குரலே முன்னால் வந்து அறிவித்தது. மற்ற லைன்களின் ஆண்களும் பிடித்துக்கொண்டார்கள். அதுவரை சும்மா இருந்தவனுக்கும் ஒரு வாக்கியம் கிடைத்துவிட்டது. மெட்டோடு சொன்னால் தப்பில்லையே, பாட்டுத்தானே. கம்பெனி பஸ்ஸில் டிரைவர் காலையில் சாமிப் பாட்டு முடிந்ததும் இதைப் போடுவார். பின் சீட்டுகளிலிருந்து சேர்ந்து பாடுவார்கள். புதிதாகச் சேர்ந்த பெண்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். அவளும் அதே பஸ்ஸில்தான் குல்லாவை இழுத்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

ஆயுத பூஜைக்குப் பாட வேண்டும் என்று ஹெச்.ஆர். அம்மா கேட்டபோது அவள் ஒத்துக்கொண்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உனக்கு மூளை இருக்காக்கா? அந்த ஆளு குதிச்சுக்கிட்டு வந்து முன்னாடி உக்காருவான்" என்றேன்.

"உக்காரட்டும். பொண்டாட்டி, புள்ளையக் கூட்டிக்கிட்டுத்தான வருவான். அவங்க மூஞ்சிக்கு நேரா வெச்சிப் பாடறேன். அப்பயும் ஒருத்தருக்கும் உறைக்கலன்னா இந்தப் பாட்டு செத்துப்போச்சுன்னு அர்த்தம். தெரிஞ்சிக்கிட்டாப் போதும் எனக்கு."

பூஜையன்று கம்பெனி அடையாளம் தெரியாது. மெஷின்களுக்குச் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. உள்ளே விடாத குடும்பங்களை அன்றைக்கு மட்டும் விடுவார்கள். பிள்ளைகள் ஒயர்த் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு ஓடும். இன்சார்ஜ் பட்டு வேட்டியில் இருந்தார். பக்கத்தில் பச்சைப் புடவையில் அவர் மனைவி, அடுத்து பிளஸ் டூ படிக்கிற மகள்.

அவள் மேடை ஏறினாள். பின்னணி இசை வேண்டாம் என்றுவிட்டாள். வெறும் தொண்டை. ஆல்பத்தில் இருந்ததைவிட மெதுவாக, ஒவ்வொரு கண்ணுவையும் தனித்தனியாக எடுத்து முன்வரிசையில் வைத்தாள். இதைவிடத் தெளிவாக ஒருவரிடம் எதையும் சொல்ல முடியாது. விசில் பறந்தது. யாரோ இன்சார்ஜைத் தள்ளி மேடையில் ஏற்றினார்கள். அவர் மைக்கை வாங்கிக்கொண்டார். "கிட்ட வா கண்ணு" என்று தன் வாயாலேயே, தன் குரலிலேயே, அவளைப் பார்த்து, முந்நூறு நானூறு பேருக்கு முன்னால் சொன்னார். மேனேஜர்கள் தொடையைத் தட்டிச் சிரித்தார்கள். ஹெச்.ஆர். அம்மா வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்தச் சந்தனம், அந்தக் கற்பூரம், அந்தப் பூ எல்லாமே நாறியது. கைதட்டிய ஒவ்வொரு கையையும் வெறுத்தேன். இன்றைக்கும் அந்த வெறுப்பு குறையவில்லை.

பொரி கடலைப் பொட்டலம் கொடுக்கிற இடத்தில் நாங்கள் ஓரமாக நின்றிருந்தபோது அந்தப் பச்சைப் புடவை எங்களை நோக்கி வந்தது. மகளைத் தண்ணீர்க் குழாயருகே நிறுத்திவிட்டு வந்திருந்தார்.

"நீதான பாடுனது கண்ணு?"

"ஆமாங்கக்கா."

"அவரு இங்க அப்படித்தான் பேசுவாரா?"

"அப்படித்தாங்கக்கா."

அந்த அம்மா முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு நின்றார். "ஊட்ல எங்க யாரையும் அவரு கண்ணுன்னு கூப்பிட்டதில்ல. என்னை ஏய்ம்பாரு. பாப்பாவப் பேரு சொல்லித்தான் கூப்பிடுவாரு."

ஊரே சேர்ந்து கேட்காததை ஒருத்தி கேட்டுவிட்டாள். ஹெச்.ஆர். அம்மா கூப்பிடு தூரத்தில்தான் நின்றிருந்தார். அவரைக் கூட்டிவந்து, இதை இன்னொரு தரம் சொல்லுங்கள் அக்கா என்று கேட்க வேண்டும் போல இருந்தது. அதற்குள் அந்த அம்மா இவள் கைகள் இரண்டையும் பிடித்துக்கொண்டார்.

"அந்தப் பாட்டை எடுத்துடு கண்ணு. டவுன் பஸ்ஸுல பசங்க பாப்பாவப் பாத்து அதையேதான் பாடறானுங்களாம். அவங்கப்பன் கொரல்லயே பாடறானுங்களாம். ஸ்கூலுக்கே போவ மாட்டேங்குது. அவருகிட்ட அழுது அழுது சொல்லுது. அவருக்குக் காதுல ஏறல."

இவள் வாயைத் திறந்தாள். திருப்பிச் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். அதுதானே அவள் பழக்கம். முதுகுக்குப் பின்னால் நிற்கிறவனிடமும் கேன்டீன்காரனிடமும் திருப்பிச் சொல்லலாம், இந்த அம்மாவிடம் எதைத் திருப்பிச் சொல்வது? அவள் குழாயருகே நின்ற பெண்ணைப் பார்த்தாள். அந்தப் பெண் எங்கள் பக்கம் பார்க்காமல் மூடியிருந்த குழாயைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"சரிங்கக்கா" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் ஆல்பம் முழுவதையும் எடுத்துவிட்டாள். அந்த ஒன்றை மட்டும் எடு என்று நான் சண்டை போட்டேன். எடுத்துத்தான் என்ன பயன், பரப்பினவர்கள் போனிலெல்லாம் இருக்கிறதே என்றும் கத்தினேன்.

"இருக்கட்டும்டி. நான் திருப்பிக் கொடுத்தேன்னு நெனச்சேன். அவனுங்களுக்கு எடுத்துக் கொடுத்திருக்கேன்" என்றாள்.

அந்த மாதத்தோடு வேலையை விட்டு நின்றுவிட்டாள். பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு கெலமங்கலம் பஸ் ஏறினாள். பிறகு பெங்களூரில் இருப்பதாக ஒருத்தி சொன்னாள், கல்யாணம் ஆகிவிட்டதாக இன்னொருத்தி சொன்னாள். பாடுவதாக யாரும் சொல்லவில்லை. அவள் கடைசியாக வேலைக்கு வந்த அந்த மாதத்தில், பூஜை விடுமுறை முடிந்து லைன் ஓடிய முதல் நாள் காலை, அவளுக்கு அடுத்த பலகையில் நான் டேப் சுற்றிக்கொண்டிருந்தேன். கழுத்தில் பாக்கு வாசனை பட்டது. இன்சார்ஜ் என் பலகைமேல் கையை ஊன்றினார். அவருக்கு உண்மையாகவே மனக்குறை, முகத்தில் தெரிந்தது. அடுத்த பலகையில் குனிந்திருந்தவள் பக்கம் தாடையைக் காட்டினார்.

"ஏன் கண்ணு, நம்ம பாட்டக் காணோமே? அவகிட்டச் சொல்லி மறுபடியும் போடச் சொல்லு. எங்க பாப்பா தெனமும் ஊட்ல அந்தப் பாட்டப் பத்தியேதான் பேசிக்கிட்டு இருந்துது."